என் கைப்பையில் இருந்த லாக்

அறந்தாங்கியில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை இருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்துவிடலாம். கல்யாண ஜாக்கெட்டுகளுக்குக் கையும் முதுகும் போட்டுக் கொடுப்போம். பள்ளிக்கூடச் சட்டைப் பைகளுக்கு முத்திரை போட்டுக் கொடுப்போம். பன்மையிலேயே சொல்லிப் பழகிவிட்டது. இப்போது நான் மட்டும்தான்.

மெஷினை ஓட்டுவதும், வருகிறவர்களிடம் வாயாடுவதும் என் வேலை. டிசைன் போடுவது என் தங்கை. எங்கள் தொழிலில் அதைப் பஞ்சிங் என்போம். ஒரு பூவைக் கம்ப்யூட்டரில் வரைந்து, ஊசி எங்கே இறங்க வேண்டும், நூல் எந்தப் பக்கம் சாய்ந்து போக வேண்டும், எங்கே நிறம் மாற வேண்டும் என்று ஒவ்வொரு தையலாகச் சொல்லிக் கொடுக்கிற வேலை அது. எல்லாம் முடிந்ததும் மெஷினுக்குப் புரிகிற ஃபைலாக மாற்றிப் பென் டிரைவில் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு மெஷின் தன்பாட்டுக்கு ஓடும். ஆனால் அப்படி மாற்றுகிற வரைக்கும் சாப்ட்வேர் வேண்டும். சாப்ட்வேருக்கு லாக் வேண்டும்.

லாக் என்பது கட்டைவிரல் அளவில் ஒரு பச்சைத் துண்டு. பார்க்கப் பென் டிரைவ் மாதிரியே இருக்கும். கம்பெனிக்காரர் டாங்கிள் என்றார், எங்கள் வாயில் லாக் என்றுதான் வந்தது. அதைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் சாப்ட்வேர் திறக்கும். வேலை நடக்கும்போது பிடுங்கினால் அப்படியே நின்றுவிடும். ஒரு சாப்ட்வேருக்கு ஒரே ஒரு லாக்தான், தொலைத்தால் வேறு தரமாட்டோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அது என் கைப்பைக்குள் போனது. சாவிக்கொத்து, மாத்திரை அட்டை, திருநீற்றுப் பொட்டலம் இவற்றோடு பத்துப் பதினோரு வருஷம் அங்கேயே கிடந்தது.

காலையில் கடை திறந்ததும் நான் பையைத் திறந்து லாக்கை எடுத்துத் தங்கையிடம் கொடுப்பேன். சாயங்காலம் அவள் அதைப் பிடுங்கி, மூடியைப் போட்டு, என் கையில் வைப்பாள். ஒரு நாளும் அதை அவள் தன் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. நான் கொடுத்ததில்லை என்று சொல்வதுதான் சரி.

அவளைக் கட்டிக் கொடுத்தது திருவரங்குளத்தில். முந்திரித் தோப்பை ஒட்டி வீடு. காலையில் பஸ் ஏறி ஆலங்குடியில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து வருவாள். அவள் வீட்டுக்காரர் உரக்கடையில் வேலை பார்க்கிறார், அதிர்ந்து பேசாத மனுஷன். ஒரு தீபாவளிக்கு அவர் பேச்சுவாக்கில், "எங்க ஊர்லயே ஒரு மெஷின் போட்டா இவளுக்கு இந்த அலைச்சல் இருக்காதுல்ல மதினி?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, "போடுங்களேன், யாரு வேணாங்கிறா?" என்றேன். அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மெஷின் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், என் தங்கை மாதிரி பஞ்சிங் போட யாரைத் தேடுவேன்? என் வீட்டுக்காரர் அப்போது மஸ்கட்டில் இருந்தார். கடையும் மகளும்தான் என் உலகம். அவள் போய்விட்டால் கடையில் வெறும் மெஷின்தான் மிஞ்சும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள் அவளே வந்து கேட்டாள்.

"அக்கா, புதுக்கோட்டையில ஒருத்தரு இந்த லாக்கக் காப்பி எடுத்துத் தர்றாராம். எமுலேட்டர்னு சொல்றாங்க. அதப் போட்டுட்டா லாக் இல்லாமயே ஓடுமாம்."

"திருட்டு வேலைல்ல அது?"

"நாம காசு குடுத்து வாங்குன சாப்ட்வேர்தானக்கா. வெளிய யாருக்கும் விக்கவா போறோம்? இது ஒரு நா கெட்டுப் போச்சுன்னா நாம போட்ட ஒரு டிசைனும் தெறக்காது."

"கெட்டுப் போறப்ப பாத்துக்கலாம்."

"கெட்டுப் போன பெறகு எடுக்க முடியாதாம்க்கா. நல்லா இருக்கறப்பவே எடுக்கணுமாம்."

"கம்பெனிக்குத் துரோகம் பண்ணி நமக்குப் பொழப்பு வேணாம்" என்று நான் முடித்துவிட்டேன். பெரிய அரிச்சந்திரி மாதிரி சொன்னேன். என் போனில் நான் பார்த்த படங்களில் பாதி எந்த வழியில் வந்தவை என்று எனக்கே தெரியும். எனக்குக் கம்பெனியைப் பற்றிக் கவலையே இல்லை. காப்பி எடுத்தால் ஒன்று இங்கே ஓடும், இன்னொன்று திருவரங்குளத்தில் ஓடும். அந்தப் பயம்தான். அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால் நியாயம் பேசினேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிக்கா" என்று திரும்பி உட்கார்ந்தாள்.

ஒரே ஒரு தடவை லாக்கை அவளிடம் விட்டுவிட்டுப் போக வேண்டி வந்தது. மகளுக்காக வேண்டிக்கொண்டது பாக்கி இருக்கிறது என்று இரண்டு நாள் பழனிக்குக் கிளம்பினேன். பள்ளிக்கூட முத்திரை வேலை அவசரமாக இருந்தது. வேறு வழியில்லாமல் லாக்கை அவள் கையில் கொடுத்தேன். மலையில் வரிசையில் நிற்கும்போது கடைக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. அவள் செல்லுக்கு அடித்தேன். அதையும் எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்த பிறகு, சாமி கும்பிட்டுவிட்டு இறங்கும்போது அவளே கூப்பிட்டாள்.

"எங்க போயிட்ட?"

"புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வந்தேன்க்கா."

"நேத்து நல்லாத்தான இருந்த?"

"ஒண்ணுமில்லக்கா. நீ வா, சொல்றேன்."

நான் நம்பவில்லை. லாக்கை எடுத்துக்கொண்டு யாருக்கோ தனியாக வேலை பார்க்கப் போயிருக்கிறாள் என்று மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன். ஊர் வந்து சேர்ந்ததும் பஞ்சாமிர்தத்தைக் கொடுப்பதற்கு முன்னால் கையை நீட்டி லாக்கைக் கேட்டேன். அவள் அதைச் சேலைத் தலைப்பில் துடைத்துக் கொடுத்தாள். அவள் ஆலங்குடி பஸ்ஸுக்குப் போன பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து, அந்த இரண்டு நாளில் என்னென்ன ஃபைல் போட்டிருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். எல்லாமே எங்கள் வேலைதான். அப்போதும் எனக்குச் சமாதானம் ஆகவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனது உண்மை என்று மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. கர்ப்பப்பையில் கட்டி. நல்ல கட்டி இல்லை. தஞ்சாவூருக்குப் போய்க் கீமோ மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை.

மருந்து ஏற்றிக்கொண்டு வந்தால் நாலைந்து நாள் எழுந்திருக்கவே மாட்டாள். எழுந்ததும் பஸ் ஏறிக் கடைக்கு வந்துவிடுவாள். கையில் ஒரு தண்ணீர் பாட்டிலும், வாந்தி வந்தால் பிடிக்க ஒரு பாலிதீன் பையும் இருக்கும். ஒரு நாள் நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டாள்.

"வீட்ல பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு சும்மா கெடக்குக்கா. அங்க இருந்தே போட்டு அனுப்பட்டுமா?"

"நீ ரெஸ்ட் எடு. வேலை கெடந்தா கெடக்குது."

"சும்மா படுத்திருந்தா நெனப்பெல்லாம் அங்கிட்டே போகுதுக்கா."

நான் நூல்கண்டுகளை அடுக்கப் போய்விட்டேன். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. காப்பி வேண்டாம், லாக்கையே கொடுத்து அனுப்பியிருக்கலாம். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது, நான் பையை மூடிக்கொண்டேன். அவள் மறுபடியும் பஸ்ஸில்தான் வந்தாள். முடியெல்லாம் கொட்டின பிறகு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்தாள்.

கடைசியாக வந்த அன்று கடையில் கூட்டம். ஒரு அம்மாவிடம் நூல் நிறத்துக்காக நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து தங்கை சொன்னாள்:

"அக்கா, ஒன் மகளுக்குக் கல்யாண ஜாக்கெட்டுக்கு ஒண்ணு போட்டிருக்கேன். முதுகுக்கு. கொஞ்சம் பாக்கி இருக்கு, அடுத்த தடவ வர்றப்ப மாத்தித் தர்றேன்."

"அவளுக்கு இன்னும் மாப்பிள்ளையே பாக்கல. அதுக்குள்ள என்ன ஜாக்கெட்டு?" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்க்ரீனில் அப்போது அது திறந்துதான் இருந்தது. தலையைத் திருப்பியிருந்தால் பார்த்திருக்கலாம். அவள் மூடிவிட்டு லாக்கைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. ஒரு மாதத்தில் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து திருவரங்குளத்து வீட்டில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தபோது அவள் வீட்டுக்காரர் என்னிடம் வந்து, அப்போதும் குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்: "ஒரு காப்பி குடுத்திருந்தீங்கன்னா வீட்டோட இருந்திருப்பா மதினி. கடைசில அந்த பஸ்லயே பாதி உசுரு போச்சு."

"கம்பெனி சட்டம் அப்படி. நான் என்ன பண்றது?" என்றேன், நாலு பேர் கேட்கும்படியாக. அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

அவள் நாற்காலியில் உட்கார என்னால் முடியவில்லை. மெஷின் ஃபைலாக மாற்றி வைத்திருந்த பழைய டிசைன்களைக் கொண்டே கடையை ஓட்டினேன். புதிதாக ஏதாவது கேட்டால் வெளியே போட்டு வாங்கினேன். சாப்ட்வேரைத் திறக்கவே இல்லை. ஆனால் லாக் மட்டும் பையிலேயே இருந்தது. யாரிடமிருந்து காப்பாற்றினேனோ தெரியவில்லை.

முதல் வருஷம் துக்கம் என்பதால் எந்தப் பண்டிகையும் இல்லை. அடுத்த வருஷம் மகளுக்கு இடம் அமைந்து, தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவானது. அந்த வருஷம் ஆயுத பூஜையை நானே செய்தேன். அதுவரை கடையில் பூஜை என்றால் தங்கைதான். மெஷினுக்கு, கத்தரிக்கு, அளவுகோலுக்கு, பாபின் டப்பாவுக்கு என்று எதையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைப்பாள். லாக்குக்கு மட்டும் மூடியைப் போட்டு, மூடியின் மேல் கடுகளவு பொட்டு வைப்பாள். "இதுக்குத் தண்ணி ஆகாதுக்கா" என்பாள். அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேனே தவிர மனதில் வாங்கவில்லை.

பைக்குள் கிடந்து கிடந்து மூடி எங்கோ தொலைந்திருந்தது. நான் பன்னீர் விட்டுச் சந்தனத்தைக் குழைத்து, அவள் வைத்ததைவிடப் பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன். மகள் கல்யாணம் நடக்கப்போகிற வருஷம் அல்லவா, எதிலும் குறை இருக்கக் கூடாது. ஈர வாழை இலையில் கத்தரியோடும் நூல்கண்டோடும் அதையும் வைத்து, மேலே பூவும் போட்டேன். பூஜையில் வைத்ததை விஜயதசமி வரைக்கும் தொடக் கூடாது என்று அப்படியே விட்டுவிட்டேன்.

விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்துக் கடை திறந்தேன். அன்றைக்குத் தொடங்கினால் நல்லது என்று, தங்கை போட்டு வைத்த அந்த ஜாக்கெட் டிசைனைத் திறந்து பார்க்க மனதைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். லாக்கைத் துடைத்துச் செருகினேன். அதன் விளக்கு ஒரு தடவை மின்னியது. லேசாக ஒரு தீய்ந்த வாடை வந்தது. அவ்வளவுதான். லாக் இல்லை என்று ஸ்க்ரீனில் எழுத்து வந்தது. பிடுங்கிப் பார்த்தால் உள் வாயெல்லாம் சந்தனம். பஞ்சால் துடைத்தேன், வெயிலில் வைத்தேன், அரிசி டின்னில் இரண்டு நாள் புதைத்து வைத்தேன். அது எழவில்லை.

கம்பெனி நம்பருக்கு அடித்தால் அந்த நம்பரே உபயோகத்தில் இல்லை. விசாரித்ததில், கம்பெனியையே மூடிவிட்டார்கள் என்றார்கள். வேறு கம்பெனி சாப்ட்வேரில் எங்கள் ஃபைல் திறக்காது. என் தங்கை எனக்காக விட்டுப்போனது அந்த ஒரு ஃபைல்தான். அது என் கடையில், என் கம்ப்யூட்டரில் இருக்கிறது, ஆனால் என்னால் பார்க்க முடியாது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில், அவள் அன்றைக்குச் சொன்ன புதுக்கோட்டைக்காரரைத் தேடிப் பிடித்தேன். சிபியூவைக் கட்டைப்பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மாடியில் ஒரு சின்ன அறை. என்னைவிட ஐந்தாறு வயது குறைந்தவராக இருப்பார். லாக்கைக் கையில் வாங்கிப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இதுக்குமாக்கா பொட்டு வச்சீங்க?"

"சரி பண்ணிரலாமா சார்?"

"இது போயிருச்சுங்க. சாப்ட்வேரு அப்பப்ப லாக்கக் கூப்ட்டு, இருக்கியான்னு கேக்கும். அது இருக்கேன்னு சொல்லணும். லாக்குக்குப் பதிலா அந்தப் பதில நாம சொல்ல வைக்கலாம், அதான் எமுலேட்டர். ஆனா என்ன பதில் சொல்லணும்னு உசுரோட இருக்கற லாக்கப் படிச்சாத்தான் தெரியும். இதுல படிக்க ஒண்ணுமில்லயே."

இதைத்தான் அவள் சொன்னாள். நல்லா இருக்கறப்பவே எடுக்கணுமாம் என்று சொன்னாள். நான் அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டேன். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எந்த ஊர், என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன். லாக்கை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பின்பக்கம் இருந்த நம்பரைப் படித்தார். பிறகு தன் கம்ப்யூட்டரில் எதையோ தேடினார்.

"அக்கா, இந்த நம்பரு எங்கிட்ட இருக்கே."

எனக்குப் புரியவில்லை.

"அறந்தாங்கி எம்பிராய்டரின்னு பேரு போட்டு வச்சிருக்கேன். ஒரு அம்மா வந்து லாக்கக் காப்பி எடுத்தாங்க. ஒங்க தங்கச்சியா? காலைல ஆஸ்பத்திரிக்கு வந்துட்டு அப்படியே வந்தேன்னாங்க. கையில ஸ்கேன் கவர் இருந்துச்சு. நல்லா ஞாபகம் இருக்கு."

நான் பழனி மலையில் நின்று போன் மேல் போன் அடித்த நாள் அது. அவள் வயிற்றில் இருப்பது என்னவென்று டாக்டர் அவளுக்குச் சொன்ன நாள்.

"அப்ப அவ காப்பி வாங்கிட்டுப் போயிட்டாளா?"

"இல்லக்கா, அதான் எனக்கு ஞாபகமே. வீட்டுக் கம்ப்யூட்டர கொண்டாங்க, ரெண்டு நிமிஷத்துல போட்டுத் தர்றேன்னேன். வேணாம், எங்க அக்காவுக்கு இதுல இஷ்டமில்ல, அது ஒத்துக்கிட்டா வந்து போட்டுக்கறேன்னாங்க. அப்பறம் எதுக்கும்மா எடுக்குறீங்கன்னு கேட்டேன். லாக் என்னைக்காவது கெட்டுப் போச்சுன்னா எங்க அக்கா தவிச்சுப் போயிரும், எங்கிட்டெல்லாமோ அலைஞ்சுட்டு ஒங்ககிட்டத்தான் வந்து நிக்கும், அப்பக் குடுங்கன்னு சொல்லிட்டு டீய குடிச்சுட்டுப் போனாங்க."

"பெறகு வந்தாளா?"

"வரலக்கா. இப்ப எப்படி இருக்காங்க?"

சொன்னேன். அவர் மேஜை மேல் இருந்த ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

பத்து நிமிஷத்தில் சாப்ட்வேர் திறந்தது. செருகுவதற்கு எதுவும் இல்லாமலே திறந்தது. "அக்கா மக" என்று ஃபைலுக்குப் பெயர் வைத்திருந்தாள். முந்திரிப்பூங்கொத்து. எங்கள் கடையில் யாரும் கேட்டிராத பூ. எல்லாருக்கும் மயில் வேண்டும், தாமரை வேண்டும். வெள்ளையும் லேசான சிவப்புமாகச் சின்னச் சின்னப் பூக்கள், கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் சரிந்து இறங்கின. கடைசியில் ஒரு இலை மட்டும் உள்ளே தையல் நிரம்பாமல் வெறும் கோடாக நின்றது. பாக்கி என்று அவள் சொன்னது அதுவாகத்தான் இருக்கும்.

ஆலங்குடி வழியாகத் திரும்பும்போது பஸ் திருவரங்குளத்தில் நின்றது. அவள் கையில் பாலிதீன் பையோடு ஏறுகிற நிறுத்தம். இறங்கி, அவர் வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சிபியூ பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தேன். கண்டக்டர் விசில் ஊதினார். நான் இறங்கவில்லை.

டிசைனை மாற்றி, மெஷினில் ஏற்றி, நானே ஓட்டினேன். அந்த இலையை அப்படியே விட்டேன். தையில் என் மகள் அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மணமேடையில் உட்கார்ந்தாள். பார்த்த பெண்கள் எல்லாரும் எங்கே போட்டது என்று கேட்டார்கள்.

தங்கை வீட்டுக்காரரும் வந்திருந்தார். நேரில் போய்ப் பத்திரிகை வைக்கத் தைரியமில்லாமல் என் வீட்டுக்காரரை அனுப்பியிருந்தேன், அப்படியும் வந்தார். தாலி கட்டி முடிந்து மகள் அவர் காலில் விழுந்து எழுந்தபோது அவள் முதுகைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மதினி, அந்த ஜாக்கெட்டு..."

"அவ போட்டதுதான்."

"லாக்கு கெட்டுப் போச்சுன்னு கேள்விப்பட்டேன். எப்படி எடுத்தீங்க?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். எனக்கு அது ஒன்றும் புதிதில்லை. ஆனால் அன்றைக்கு முடியவில்லை.

"புதுக்கோட்டையில காப்பி இருந்துச்சு. அவதான் எடுத்து வச்சிருந்தா. ஸ்கேன் எடுத்த அன்னைக்கே."

"அன்னைக்கேவா?" அவருக்கு முகம் மாறியது. "அப்பறம் எதுக்கு அத்தன நாளும் பஸ்ஸுல..."

"எனக்கு இஷ்டமில்லன்னு. நான் ஒத்துக்கிட்டாத்தான் போட்டுக்குவேன்னு சொல்லிருக்கா. கம்பெனி சட்டமெல்லாம் இல்ல. அவ தனியாப் போயிருவான்னு எனக்குப் பயம், அவ்வளவுதான்."

அவர் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மேடையைப் பார்த்தார். மகள் சிரித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றிருந்தாள். "நல்லா இருக்கட்டும்" என்றார்.

"பந்திக்கு வாங்க" என்றேன்.

"இருக்கட்டும் மதினி."

வாசலில் கும்பலாகக் கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டு, என் மகள் கல்யாணத்தில் கை நனைக்காமல் போனார். ஊருக்கே வாய்க்காரி நான். அவரைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.